169-ல ஆரம்பிக்கிற நம்பர் வந்தா விண்டோஸை அழிக்காதீங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கடிதங்கள்ல நெறைய பேர் ஒரே விஷயத்ததான் வேற வேற மாதிரி கேட்டிருக்கீங்க. வீட்டுல ரூட்டர் இருக்கு, மத்ததெல்லாம் ஓடுது, ஒரே ஒரு கம்ப்யூட்டர் மட்டும் வீட்டு நெட்வொர்க்ல சேர மாட்டேங்குது. அதனால இந்த வாரம் முழுசும் இதுக்கே குடுத்துட்டேன். முதல் கேள்விக்கு மட்டும் பதில் ரொம்ப நீளமா போயிடுச்சு, பொறுமையா படிங்க, ஏன்னா மத்த கேள்விகளுக்கும் அடிப்படை அதுலதான் இருக்கு.

கேள்வி: சார், என் டெஸ்க்டாப்ப கேபிள் போட்டு ரூட்டர்ல மாட்டிருக்கேன். மூணு நாளா நெட்வொர்க் கிடைக்கல. மொபைலும் லேப்டாப்பும் அதே ரூட்டர்ல வைஃபைல நல்லா ஓடுது. டெஸ்க்டாப்ல மட்டும் 'அன்ஐடென்டிஃபைடு நெட்வொர்க்'னு வருது, ஐபி அட்ரஸ் (நெட்வொர்க்ல கம்ப்யூட்டருக்கு இருக்குற நம்பர்) பாத்தா 169.254-னு ஆரம்பிக்குது. தெரிஞ்ச ஒருத்தர் விண்டோஸை அழிச்சிட்டு புதுசா போட்டாதான் சரியாகும்னு சொல்றார். பத்து வருஷ போட்டோ அதுல இருக்கு, பயமா இருக்கு. என்ன பண்றது?

பதில்: மொதல்ல விண்டோஸ தொடாதீங்க, யாரையும் தொடவும் விடாதீங்க. என் சித்தப்பா வீட்டுல இதே மாதிரி ஆகி ரெண்டு தடவ விண்டோஸ் மாத்தி போட்டாங்க, ரெண்டாவது தடவ போடும்போது போட்டோ இருந்த ஒரு பார்ட்டிஷனே (டிஸ்க்ல தனியா பிரிச்சு வச்ச பகுதி) அழிஞ்சு போச்சு, கடைசில நான் போய் பாத்தா மேஜைக் காலுக்கு அடியில கேபிள் நசுங்கி இருந்துச்சு, அவ்ளோதான் பிரச்சனை. போன போட்டோ திரும்பி வரவே இல்ல. அத நெனச்சா இன்னைக்கும் மனசு கஷ்டமா இருக்கு, அதனாலதான் இவ்ளோ அழுத்தி சொல்றேன்.

நீங்க அந்த நம்பர பாத்து எழுதுனது ரொம்ப நல்ல காரியம், ஏன்னா பாதி விஷயத்த அந்த நம்பரே சொல்லிடுது. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் கேபிள் வழியா 'எனக்கு ஒரு அட்ரஸ் குடுங்க'ன்னு பொதுவா ஒரு குரல் விடும், யார்கிட்ட கேக்கணும்னு அதுக்கு தெரியாது, அதனால எல்லாருக்கும் கேக்குற மாதிரி கத்தும். ரூட்டருக்குள்ள டிஎச்சிபின்னு ஒரு வேலை ஓடிட்டே இருக்கும், அது இந்த குரலக் கேட்டுட்டு 'இந்தா, 192.168.1.23 வச்சுக்கோ'ன்னு பதில் சொல்லும். பதிலே வரலேன்னா கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் காத்திருந்துட்டு 169.254-ல ஆரம்பிக்கிற ஒரு நம்பர தானே எடுத்து போட்டுக்கும். விண்டோஸ் 98 காலத்துலேர்ந்தே இந்த வழக்கம் இருக்கு, 2005-ல இதுக்கு பொதுவான இன்டர்நெட் ஸ்டாண்டர்டே எழுதிட்டாங்க, ஆப்பிளோட மேக் கம்ப்யூட்டர்லயும், சில லினக்ஸ்லயும் இதே 169.254-தான் வரும்.

அப்ப உங்க விஷயத்துல என்ன தெரியுது? கேபிள் சுத்தமா மாட்டாம இருந்தா 'நெட்வொர்க் கேபிள் அன்பிளக்டு'ன்னு சொல்லியிருக்கும், சொல்லல. நெட்வொர்க் கார்டு முழுசா செத்திருந்தா இந்த நம்பர் கூட வந்திருக்காது. அதாவது கார்டு உசுரோட இருக்கு, கேட்டிருக்கு, பதில் வரல. கேட்டது போய் சேரலயா, இல்ல ரூட்டர் பதில் சொல்லலயா, இல்ல வந்த பதில கம்ப்யூட்டருக்குள்ளயே ஏதோ தடுக்குதா, இந்த மூணுல எதுன்னு மட்டும் கண்டுபிடிச்சா போதும். இதுல விண்டோஸ் புதுசா போடுற வேலை எங்கயும் வரல பாருங்க.

நான் எப்பவும் மொதல்ல பண்ற சோதனை ஒண்ணு இருக்கு, அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. உங்க லேப்டாப்ல லேன் ஓட்டை (நெட்வொர்க் கேபிள் மாட்டுற எடம்) இருந்தா, டெஸ்க்டாப் பின்னாடி இருக்குற அதே கேபிளக் கழட்டி லேப்டாப்ல மாட்டுங்க, வைஃபைய ஆஃப் பண்ணிட்டு பாருங்க. ஓடுச்சுன்னா கேபிள், ரூட்டர் போர்ட் ரெண்டும் நல்லா இருக்கு, குறை டெஸ்க்டாப்லதான். ஓடலேன்னா டெஸ்க்டாப்ப திட்டாதீங்க, குறை கேபிள்லயோ ரூட்டர்லயோ இருக்கு. லேப்டாப்ல லேன் ஓட்டை இல்லேன்னா வேற ஒரு கேபிள வாங்கி மாட்டி பாருங்க, ரூட்டர்ல வேற போர்ட்டுக்கும் மாத்தி பாருங்க, ஆனா ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்தாதீங்க, சரியாச்சுன்னா எதனால சரியாச்சுன்னே தெரியாம போயிடும்.

கேபிள் விஷயத்துல ஒண்ணு சொல்லணும். கேபிள் மாட்டுற எடத்துல லைட் எரியுது, அதனால கேபிள் நல்லா இருக்குன்னு நெறைய பேர் முடிவு பண்ணிடறாங்க. கேபிளுக்குள்ள எட்டு கம்பி, நாலு ஜோடி. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 இந்த நாலு கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேணும். உள்ள ஒரு கம்பி அரைகுறையா ஒடஞ்சு தொட்டும் தொடாமலும் இருந்தா லைட் எரியும், ஆனா டேட்டா போகாது, இல்ல போய் போய் அறுந்துடும். கேபிள் முனைல இருக்குற பிளாஸ்டிக் கிளிப் ஒடஞ்சிருந்தாலும் இதேதான், பாக்க மாட்டின மாதிரியே இருக்கும், உள்ள ஒரு நூல் அளவு வெளிய வந்திருக்கும். மாட்டும்போது டிக்குனு ஒரு சத்தம் வரணும், வரலேன்னா அந்த கேபிள நம்பாதீங்க.

சரி, குறை டெஸ்க்டாப்லதான்னு தெரிஞ்சிடுச்சுன்னு வச்சுப்போம். ஷட்டவுன் பண்ணி, பவர் கேபிளையே சுவத்துலேர்ந்து புடுங்கிட்டு, பவர் பட்டன ஒரு பத்து பதினஞ்சு செகண்ட் அமுக்கி புடிச்சிட்டு, ரெண்டு நிமிஷம் கழிச்சு திரும்ப போடுங்க. ஏன்னா கம்ப்யூட்டர ஆஃப் பண்ணாலும் நெட்வொர்க் சிப்புக்கு கொஞ்சம் கரண்ட் போய்க்கிட்டேதான் இருக்கும், ஆஃப்ல இருக்கும்போதும் பின்னாடி லைட் மினுக்குறத பாத்திருப்பீங்க, அதனால அந்த சிப் குழம்பிப் போய் நின்னுட்டா சாதாரண ஷட்டவுன்ல அது தெளியாது. இத பண்ணாமலே கார்டு போச்சுன்னு சொல்லிடறாங்க.

அப்பவும் வரலேன்னா கையால ஒரு நம்பர் குடுத்து பாக்கணும். மொதல்ல லேப்டாப்ல கமாண்ட் ப்ராம்ப்ட் தெறந்து ஐபிகான்ஃபிக்னு (ipconfig) எடம் விடாம ஒரே வார்த்தையா அடிங்க. அதுல ஐபிவி4 அட்ரஸ், சப்நெட் மாஸ்க், டீஃபால்ட் கேட்வேன்னு (இது ரூட்டரோட நம்பர்) மூணு வரி வரும், தாள்ல எழுதிக்கோங்க. உதாரணத்துக்கு லேப்டாப்புக்கு 192.168.1.23, கேட்வே 192.168.1.1, மாஸ்க் 255.255.255.0-ன்னு இருந்தா டெஸ்க்டாப்ல அடாப்டர் ப்ராப்பர்ட்டீஸ்ல ஐபிவி4-க்கு போய் 192.168.1.200-ன்னு குடுங்க, மாஸ்க்கும் கேட்வேயும் அப்படியே போடுங்க. முதல் மூணு பகுதி ஒத்துப் போகணும், கடைசி நம்பர் வேற யாருக்கும் இல்லாததா இருக்கணும், அவ்ளோதான்.

இப்ப டெஸ்க்டாப்லேர்ந்து ரூட்டருக்கு பிங் அடிங்க, அதாவது 'இருக்கியா'ன்னு கேட்டுப் பாருங்க, கமாண்ட் ப்ராம்ப்ட்ல பிங்னு (ping) அடிச்சு ஒரு எடம் விட்டு 192.168.1.1. ரூட்டர்கிட்டேர்ந்து பதில் வந்துச்சுன்னா வழி நல்லா இருக்கு, அட்ரஸ் குடுக்குற வேலைலதான் கோளாறு. இங்க ஒரு எடத்துல நெறைய பேர் ஏமாந்துடறாங்க, கவனமா படிங்க. சில சமயம் 'ரிப்ளை ஃப்ரம் 192.168.1.200, டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்'னு நாலு வரி வரும், கீழ நாலு அனுப்பினேன் நாலும் வந்துச்சுன்னு கணக்கும் காட்டும். அது ரூட்டர் சொன்ன பதில் இல்ல, 200-ங்கறது உங்க கம்ப்யூட்டரே, 'என்னால அவன கண்டுபிடிக்க முடியல'ன்னு தன்கிட்ட தானே சொல்லிக்குது. ரிப்ளைங்கற வார்த்தைய மட்டும் பாக்காம யார் சொன்னாங்கன்னு பாருங்க.

கையால குடுத்த நம்பர்ல பிங் போகுதுன்னா ரூட்டர்ல ரெண்டு விஷயம் பாக்கணும். ஒண்ணு, டிஎச்சிபிக்கு குடுத்திருக்கிற வரம்பு. சில ரூட்டர்ல 100-லேர்ந்து 110 வரைக்கும்னு சின்னதா வச்சிருப்பாங்க, வீட்டுக்கு வந்தவங்க போன், டிவி, கேமரா எல்லாம் ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டா மிச்சம் இருக்காது, ஏற்கெனவே வாங்கின மொபைல் ஓடும், புதுசா கேக்குற டெஸ்க்டாப்புக்கு கிடைக்காது. வரம்ப பெருசாக்கிட்டு ரூட்டர ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணுங்க. ரெண்டு, மேக் ஃபில்டர், அதாவது குறிப்பிட்ட மெஷின மட்டும் உள்ள விடுற செட்டிங் (மேக் கம்ப்யூட்டருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல), யாரோ எப்பவோ போட்டு வச்சிட்டு மறந்திருப்பாங்க. இதெல்லாம் சரி பண்ணினதும் டெஸ்க்டாப்ப திரும்ப 'ஆட்டோமேட்டிக்'குக்கு மாத்திடுங்க, மறந்துடாதீங்க, கையால குடுத்த நம்பர் அப்படியே கிடந்தா ரூட்டர் அதே நம்பர இன்னொரு நாள் வேற போனுக்கு குடுத்துடும், அப்பறம் ரெண்டும் அடிச்சுக்கும்.

கையால நம்பர் குடுத்தும் பிங் போகலேன்னா டிரைவரா (கார்ட இயக்குற சாஃப்ட்வேர்), தடுக்குற சாஃப்ட்வேரான்னு பாக்கணும். ஆன்டிவைரஸ் கூட வந்த ஃபயர்வால், விபிஎன், இதுங்கதான் பெரும்பாலும், அதுலயும் ட்ரையல் முடிஞ்சு போன ஆன்டிவைரஸ் ரொம்ப படுத்தும். அத முறையா அன்இன்ஸ்டால் பண்ணுங்க, அந்த கம்பெனியே தனியா ஒரு ரிமூவல் டூல் குடுத்திருந்தா அதையும் ஓட்டுங்க, விண்டோஸ் கூடவே வர்ற ஃபயர்வால் மட்டும் இருக்கட்டும். அப்பறம் டிவைஸ் மேனேஜர்ல நெட்வொர்க் அடாப்டர்ஸ்ல உங்க கார்டு மேல ரைட் கிளிக் பண்ணி 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' குடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, டிரைவரையும் அழிக்கவான்னு கேக்குற டிக்க மட்டும் போடாதீங்க. புது டிரைவர் வேணும்னா நெட்டே இல்லாம எப்படி எறக்குறதுன்னு கேப்பீங்க, மொபைல யுஎஸ்பி கேபிள்ல மாட்டி யுஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணா போதும், கம்ப்யூட்டருக்கு போனே நெட்வொர்க் கார்டு மாதிரி தெரியும்.

கடைசியா, செட்டிங்ஸ்ல 'நெட்வொர்க் ரீசெட்'னு ஒண்ணு இருக்கு, விண்டோஸ் 10, 11 ரெண்டுலயும். அது உங்க ஃபைல் எதையும் தொடாது, அடாப்டர்கள மட்டும் கழட்டி திரும்ப போடும், வைஃபை பாஸ்வேர்டு மறந்துடும், விபிஎன் இருந்தா திரும்ப போட வேண்டி வரும். இதையும் தாண்டி வரலேன்னா கார்டு அரைகுறையா போயிருக்கலாம், இடி மின்னல் அடிச்ச நாளுக்கு அப்பறம் லேன் போர்ட் மட்டும் செத்துப் போறது சகஜம். அப்பவும் மதர்போர்டு மாத்த வேணாம், ஒரு யுஎஸ்பி லேன் அடாப்டர் மாட்டிக்கிட்டா வேலை முடிஞ்சது. என்ன பண்றதா இருந்தாலும் இன்னைக்கே அந்த போட்டோவ வேற ஒரு ஹார்டு டிஸ்க்ல காப்பி எடுத்துடுங்க, அதுக்கு நெட்வொர்க் தேவையே இல்ல.

கேள்வி: எங்க வீட்டுல ரெண்டு கம்ப்யூட்டர்லயும் இன்டர்நெட் வருது, ஆனா ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணு தெரிய மாட்டேங்குது. ஷேர் பண்ண ஃபோல்டர தெறக்கவே முடியல. போன மாசம் வரைக்கும் நல்லா இருந்துச்சுங்க, ரூட்டர் மாத்தினதுக்கு அப்பறம்தான் இப்படி. என் பையன் பரீட்சைக்கு வேண்டிய நோட்ஸ் எல்லாம் அந்த ஃபோல்டர்லதான்.

பதில்: நீங்க 'ரூட்டர் மாத்தினதுக்கு அப்பறம்'னு எழுதினீங்க பாருங்க, அதுலயே பாதி பதில் இருக்கும்மா. ரூட்டர் மாறினா விண்டோஸுக்கு அது புது நெட்வொர்க், புதுசுன்னாலே 'பப்ளிக்'னு வச்சுக்கும், பப்ளிக்ல இருந்தா பஸ் ஸ்டாண்ட் வைஃபைல இருக்குற மாதிரி நெனச்சு தன்ன யாருக்கும் காட்டிக்காது. ரெண்டு கம்ப்யூட்டர்லயும் நெட்வொர்க் ப்ராப்பர்ட்டீஸ்ல போய் 'பிரைவேட்'னு மாத்துங்க, ஷேரிங் செட்டிங்ஸ்ல நெட்வொர்க் டிஸ்கவரியும் ஃபைல் ஷேரிங்கும் ஆன்ல இருக்கான்னு பாருங்க. வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும்தான் இப்படி, வெளில எங்கயும் பிரைவேட் குடுத்துடாதீங்க.

அடுத்து, ஒண்ணு கெஸ்ட் வைஃபைல இருக்கான்னு பாருங்க. கெஸ்ட் வைஃபை இன்டர்நெட்ட குடுக்கும், ஆனா வீட்டுல இருக்குற மத்த மெஷின பாக்க விடாது, அதுக்காகவே வச்சது. ஏபி ஐசொலேஷன்னு ரூட்டர்ல ஒரு செட்டிங் ஆன்ல இருந்தாலும் இதே கதைதான்.

இதெல்லாம் சரியா இருந்தும் பேர் தெரியலேன்னா ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல மேல அட்ரஸ் பார்ல ரெண்டு பேக்ஸ்லாஷ் போட்டு அந்த கம்ப்யூட்டரோட ஐபி நம்பர அடிச்சு என்டர் குடுங்க, பேர் தெரியலேன்னாலும் நம்பர்ல தெறக்கும். பிங் போகலேன்னு மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, விண்டோஸ் ஃபயர்வாலே பிங்க தடுக்கலாம், ரூட்டருக்கு அடிக்கிற பிங்குக்கு இருக்குற மதிப்பு இதுக்கு கெடையாது.

பாஸ்வேர்டு கேக்குதுன்னா நாலு நம்பர் பின் போடாதீங்க, அது அந்த மெஷினுக்கு மட்டும்தான், நெட்வொர்க்ல செல்லாது, அக்கவுண்ட்டோட நெஜ பாஸ்வேர்டு வேணும். பாஸ்வேர்டே இல்லாத அக்கவுண்ட்னாலும் நெட்வொர்க் வழியா உள்ள விடாது, ஒரு பாஸ்வேர்டு வச்சுடுங்க. பையனுக்கு நாளைக்கே பரீட்சைன்னா இதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், பென் டிரைவ்ல எடுத்து குடுத்துடுங்க.

கேள்வி: பழைய நெட்வொர்க் ஹார்டு டிஸ்க் ஒண்ணு வச்சிருக்கேன், பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்ல தெறக்குது, புது கம்ப்யூட்டர்ல தெரியவே மாட்டேங்குது. ரெண்டும் ஒரே ரூட்டர்தான்.

பதில்: அது பேசுற பாஷை பழசு. நெட்வொர்க்ல ஃபைல் பகிர்றதுக்கு எஸ்எம்பி1-னு ஒரு முறை, 2017 மே மாசம் வானாக்ரை வைரஸ் உலகம் பூரா ஆஸ்பத்திரி, ஆபீஸ்னு பரவினதுக்கு அதுல இருந்த ஓட்டைதான் காரணம். அந்த வருஷக் கடைசில வந்த விண்டோஸ் 10-லேர்ந்து புதுசா போடுற மெஷின்கள்ல மைக்ரோசாஃப்ட் அத படிப்படியா எடுத்துட்டாங்க. 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்'ல போய் ஒரு டிக் போட்டா திரும்ப வந்துடும், ஆனா தயவுசெஞ்சு போடாதீங்க. ஹார்டு டிஸ்க்கோட செட்டிங்ஸ் பக்கத்துல எஸ்எம்பி2-ன்னு இருக்கா பாருங்க, ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளயே ஓடுற சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணா வரலாம். இல்லேன்னா பழைய கம்ப்யூட்டர் வழியாவே எல்லாத்தையும் வெளில காப்பி எடுத்துட்டு அந்த டிஸ்க்குக்கு ஓய்வு குடுத்துடுங்க.

கேள்வி: வைஃபை எட்டலேன்னு ரெண்டாவது ரூட்டர் ஒண்ணு வாங்கி முதல் ரூட்டர்லேர்ந்து கேபிள் இழுத்து வச்சேன். அதுல சேர்ற லேப்டாப்ல நெட் வருது, ஆனா பிரிண்டர் கிடைக்க மாட்டேங்குது. பிரிண்டர் முதல் ரூட்டர்ல இருக்கு.

பதில்: கேபிள ரெண்டாவது ரூட்டரோட வேன் (WAN, இன்டர்நெட் கேபிள் மாட்டுற) ஓட்டைல மாட்டியிருப்பீங்க. அப்படி மாட்டினா அது தனக்குன்னு ஒரு தனி நெட்வொர்க் அமைச்சுக்கும், உதாரணத்துக்கு பிரிண்டருக்கு 192.168.1-னு இருக்கும், லேப்டாப்புக்கு 192.168.0-ன்னு வரும், ஒரே வீட்டுல நடுவுல சுவர் வச்ச மாதிரி. ரெண்டாவது ரூட்டர்ல 'ஆக்ஸஸ் பாயின்ட் மோட்' இருந்தா அத போடுங்க, அதுவே எல்லாத்தையும் பாத்துக்கும். இல்லேன்னா மொதல்ல அதோட அட்ரஸ 192.168.1.2-ன்னு மாத்தி, அதோட டிஎச்சிபிய ஆஃப் பண்ணி, அதுக்கப்பறம் கேபிள வேன்லேர்ந்து எடுத்து லேன் ஓட்டைல மாட்டுங்க. இந்த வரிசை முக்கியம், டிஎச்சிபிய ஆஃப் பண்ணாம லேன்ல மாட்டினா ரெண்டு பேர் நம்பர் குடுக்க ஆரம்பிச்சுடுவாங்க, வீடு முழுக்க எது எப்ப அறுந்து போகும்னே தெரியாது. அந்த 1.2 முதல் ரூட்டரோட டிஎச்சிபி வரம்புக்குள்ள வராம பாத்துக்கோங்க. மிச்சம் இருக்குற கேபிளோட ரெண்டு முனையையும் தெரியாம ஒரே ரூட்டர்ல மாட்டிடவும் கூடாது, சுத்திச் சுத்தி டேட்டா ஓடி மொத்த நெட்வொர்க்கும் நின்னுடும், சின்னப் பசங்க இருக்குற வீட்டுல இத நான் பாத்திருக்கேன்.

கேள்வி: தெனமும் காலைல ஆன் பண்ணா நெட்வொர்க் வராது, ரீஸ்டார்ட் குடுத்தா உடனே வந்துடும். ஏன்?

பதில்: விண்டோஸ் 8-லேர்ந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்'னு ஒண்ணு இருக்கு, அது ஆன்ல இருந்தா ஷட்டவுன் குடுத்தாலும் முழுசா அணையாது, உள் பகுதிய அப்படியே டிஸ்க்ல எழுதி வச்சுட்டு தூங்கும், காலைல அதையே எழுப்பும். ரீஸ்டார்ட்லதான் எல்லாமே புதுசா ஆரம்பிக்கும். எழுப்பும்போது சில நெட்வொர்க் டிரைவர் சரியா எழாது. கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ்ல போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்ப எடுத்துடுங்க, டிவைஸ் மேனேஜர்ல கார்டோட பவர் மேனேஜ்மென்ட்ல 'கரண்ட் மிச்சம் பண்ண இத அணைக்கலாம்'ங்கற டிக்கையும் எடுத்துடுங்க. ஆன் ஆக சில நொடி கூட ஆகும், அவ்ளோதான்.

கேள்வி: பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் லிஸ்ட்ல தெரியுது, எங்க வீட்டு வைஃபை மட்டும் என் பழைய லேப்டாப்ல தெரியல. தம்பியோட போன்ல தெரியுது.

பதில்: உங்க ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸ்ங்கற அலைவரிசைல மட்டும் பேசுது, உங்க லேப்டாப்புக்கு 2.4 மட்டும்தான் தெரியும்னு நெனைக்கிறேன். ரூட்டர்ல 2.4-ஐயும் ஆன் பண்ணி அதுக்கு தனிப் பேர் குடுங்க. பேர் தெரிஞ்சும் சேர மாட்டேங்குதுன்னா ரூட்டர்ல செக்யூரிட்டி முறை டபிள்யூபிஏ3-ன்னு மட்டும் இருக்கும், அது பழைய லேப்டாப்புக்கு தெரியாது, அத டபிள்யூபிஏ2-வும் 3-ம் கலந்த மோடுக்கு மாத்துங்க. செக்யூரிட்டியே வேணாம்னு எடுத்துடாதீங்க, லேப்டாப்ப சேக்கறதுக்காக வீட்டத் தெறந்து போட்ட மாதிரி ஆயிடும். ரெண்டும் பண்ணி வரலேன்னா லேப்டாப்போட வைஃபை கார்டு மாடல் நம்பர எழுதி அனுப்புங்க, அடுத்த வாரம் அத வச்சு பாத்து சொல்றேன்.